பித்தளை ஸ்க்ரூ

என் கணவர் கயிற்றைச் சுண்டி இழுத்தார். புல் வெட்டும் மெஷின் உயிர் வந்து வீரிட்டது, அணையப் போவதுபோல் தேய்ந்தது, மறுபடி வீரிட்டது, கடைசியில் நின்றே போனது.

நான் சமையலறைப் பின்வாசலில் நின்று மாவு பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் விடாமல் கேட்டது. அது என் தங்கையின் வீடு. நாளைக்கு லாரி வருகிறது. அவள் கணவருக்கு வேறு ஊரில் வேலை.

அவர் என் வீட்டுக்காரருக்குச் சகலை. எனக்குத் தம்பி முறை. உறவெல்லாம் பெயருக்குத்தான். உண்மையில் இரண்டு பேரும் ஒரே பைத்தியம் பிடித்தவர்கள். லீவு நாளானால் பழைய இரும்புக் கடையே கதி என்று கிடப்பார்கள். துருப்பிடித்த பம்போ, வேலிச்செடி வெட்டும் மெஷினோ, எதையாவது தூக்கி வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து பழுது பார்ப்பார்கள்.

இன்ஜின் சகலை பொறுப்பு. மேலுடம்பு என் கணவர் பொறுப்பு.

இந்தப் புல் மெஷின் வந்த பிறகுதான் வினை பிடித்தது. அவர்கள் இரண்டு பேரையும்விட அதற்கு வயது அதிகம். பச்சைப் பெயிண்ட் பாதி உதிர்ந்து, செய்த கம்பெனியின் பெயர் மங்கலாகத் தெரிந்தது. அந்தப் பச்சையில் கை வைக்கவே கூடாது, அதுதான் இதன் அழகு என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுச் சகலை வெளியூர் போனார்.

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? பச்சையைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட்டு, பளபளவென்று சிவப்பு அடித்து வைத்தார். வந்து பார்த்துச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தார், பாவம்.

கிழவனுக்கு லிப்ஸ்டிக் பூசின மாதிரி இருக்கிறது என்று சகலை சொன்னார். அதோடு பேச்சு நின்றது. அது போன மழைக்காலம்.

சொத்துத் தகராறு என்றால்கூட வெளியில் சொல்லிக்கொள்ளலாம். பெயிண்ட் சண்டை என்று யாரிடம் சொல்வது?

நானும் தங்கையும் மட்டும் மதில் மேல் கிண்ணம் மாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினோம். இனி அந்த மதிலும் இருக்காது. இப்படியே முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரிந்தால், ஒரு நல்லது கெட்டதற்கு நான் எந்த முகத்தோடு அவள் வீட்டுப் படி ஏறுவேன்?

என் கணவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பெட்ரோலை முகர்ந்தார். காற்று வடிகட்டியைத் தட்டி ஊதினார். கார்புரேட்டரை மட்டும் தொடவில்லை. அது சகலையின் ராஜ்யம். பேச்சு நின்ற பிறகும் அந்த எல்லையை அவர் தாண்டியதில்லை. அதற்காகக் கூப்பிட்டுக் கேட்பாரா என்றால், அதுவும் மாட்டார். அவ்வளவு ரோஷம்.

மறுபடி இழுத்தார். மறுபடி வீரிட்டு, தேய்ந்து, வீரிட்டு, நின்றது.

டேப் சத்தமும் நின்றது.

தான் கூட்டிய இன்ஜின் இப்படி மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு எந்த மனுஷன் பெட்டி கட்டுவான்?

மதிலில் இருந்த சின்னக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. சகலை வந்தார். பின்னாலேயே தங்கை வந்து கதவோரம் நின்றாள். கருவிகளையெல்லாம் கட்டிவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள். ஆனால் அவர் சட்டைப் பையில் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

அவர் யாரையும் பார்க்கவில்லை. மெஷின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். என் கணவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

கார்புரேட்டரின் பித்தளை ஸ்க்ரூ வரைக்கும் போன கை நின்றது.

அதன் பள்ளத்தில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் நோண்டி எடுத்து, விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார்.

பிசைந்த மாவு.

நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தார். நான் அவற்றைப் பின்னால் கொண்டுபோனேன்.

பிறகு திரும்பித் தங்கையைப் பார்த்தார். எந்த ஸ்க்ரூவைத் திருகினால் இன்ஜின் இப்படித் திணறும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் தினமும் சாப்பாட்டு நேரத்தில் சொல்லச் சொல்ல, கொட்டாவி விட்டபடி கேட்டவளுக்குத்தான் தெரியும். அவளோ மேகத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாவைச் சகலை தன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். ஸ்க்ரூவைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பினார். இழுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

ஒரே இழுப்பில் மெஷின் சீராக ஓடியது.

“ஸ்க்ரூ தானா திரும்பியிருக்கு, சகல. பழைய இன்ஜின்ல இப்படித்தான் ஆகும்.”

சகலை சொன்னதற்கு என் கணவர் பரம அப்பாவியாகத் தலையாட்டினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம் இரண்டு பேருமாகப் புல் வெட்டினார்கள். தங்கை உள்ளே வந்து என்னிடமிருந்து மாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

கை கழுவக் குழாயடிக்கு வந்த என் கணவர் என் பக்கம் குனிந்தார்.

“கத்திய நல்லா கழுவி வை. பெட்ரோல் வாடை லேசுல போகாது.”

தெரிந்துகொண்டேதான் காலையெல்லாம் கயிற்றை இழுத்திருக்கிறார், மனுஷன்.