பூச்சு மணல்

சல்லடையில் நின்றதை அவள் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள்.

கருப்பு வளையல். கைக்குழந்தைக்குப் போடுவது. அவளுடைய இரண்டு விரல்கூட அதில் நுழையாது.

"மண்ணுக்குள்ள கெடந்துச்சுக்கா," என்றாள் மணல் சலிக்கும் சோலையம்மா. சொல்லிவிட்டு அடுத்த சட்டியை அள்ளிப் போட்டாள்.

ஊரில் எல்லாரும் கல்லை அரைத்த எம் சாண்டில்தான் வீடு கட்டுகிறார்கள். அவள் மட்டும் சுவர்ப் பூச்சுக்கு ஆற்று மணல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கொத்தனார் சோணைமுத்து சொல்லிப் பார்த்தார். துபாயிலிருந்து புருஷனும் போனில் சொல்லிப் பார்த்தான். கட்டுவதே ஒரு வீடு, அதையும் மட்டமாகவா கட்டுவது என்று இருவர் வாயையும் அடைத்துவிட்டாள். நாலு மாதம் வேலை நின்றது.

இன்று காலையில்தான் லாரி வந்தது.

லாரிக்காரன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் போய் மணல் எங்கே எடுத்தது என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஆத்துல ஏதுக்கா மணலு? அள்ளி அள்ளிக் களிமண்ணு தட்டி வருசமாச்சு. இது கரையில எடுத்தது. இடுகாட்ட ஒட்டி."

சுத்தமான மணல், கண்ணை மூடிக்கொண்டு பூசலாம் என்றும் சொன்னான்.

ஆறு வருடமாகிறது.

நாற்பத்தொரு நாள் குழந்தை. காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. வெள்ளிக் கொலுசை யாரோ கழற்றி அவளிடம் கொடுத்தார்கள். வளையலைக் கழற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. எந்த இடத்தில் வைத்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கரையோரம், நல்ல மணலில், என்று புருஷன் வந்து சொன்னான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

பிறகு குழந்தை தங்கவும் இல்லை.

வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடையாளம் என்று ஒன்றுமில்லை. வளையல் கடையில் அட்டை அட்டையாகத் தொங்குவது. ஊரில் எந்தக் குழந்தை கையிலும் இதுதான் கிடக்கும். அந்தக் கரையில் எத்தனையோ குழந்தைகளை வைத்திருப்பார்கள்.

வேறு யாருடையதோ என்று நினைத்துப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை.

வளையலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொத்தனார் வந்தார். சோலையம்மா சொல்லியிருப்பாள் போல. மணலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"திருப்பி அனுப்பிருவமா தாயி? ஒண்ணும் நட்டமில்ல. வேற ஆளு வாங்கிக்கிருவான். ஆத்து மணலுன்னா நான் நீன்னு நிக்கிறாங்ய."

யாராவது வாங்கத்தான் வாங்குவார்கள். காம்பவுண்டுச் சுவருக்குப் பூசுவார்கள். கக்கூஸுக்கும் பூசுவார்கள்.



"வேணாம்ணே. யாருக்கும் குடுக்க வேணாம்."

 கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டார்.

"அப்ப பூச்சு எங்கேருந்து ஆரம்பிக்க?"

"நான் படுக்குற ரூம்புல," என்றாள். "தலைமாட்டுச் சுவருல."