நாலாம் நம்பர் அடிச்செடி

கடைசித் தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மண் கட்டியாக வந்து விழுந்தது.

அறுபது நாள் தண்ணீரைக் குறைத்துக் குறைத்து வளர்த்த செடி. தொட்டியில் ஒட்டிய சீட்டில் ‘நாலு’ என்று இருந்தது.

குழாயடியில் பிடித்து மண்ணைக் கரைத்தேன்.

ஆரஞ்சுக்கு ஒட்டுக் கட்ட, வேருக்கென்று எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் இரண்டு வகை அடிச்செடிகள் வைத்திருக்கிறோம். இலையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. வேரில்தான் வித்தியாசம்.

நாலாம் நம்பரின் வேர், மண் காயக் காய ஆணி அடித்த மாதிரி நேராகக் கீழே இறங்கும். ஏழாம் நம்பர் மேல்மண்ணிலேயே பாய் விரித்துக்கொள்ளும். மேலே காய்ந்தால் போச்சு. பக்கத்திலேயே உரம் கிடந்தாலும் ஈரமில்லாமல் அதை இழுக்காது. இலை வெளுக்கும், நரம்பு மட்டும் கொஞ்ச நாள் பச்சையாக நிற்கும், பிறகு அதுவும் போகும்.

என் கையில் இருந்தது பாய்.

‘நாலு’ என்று எழுதிய இருபது தொட்டியிலும் பாய்தான். ‘ஏழு’ என்று எழுதிய இருபதிலும் ஆணி.

“சீட்டு ஏதாவது மாறிப்போச்சா மேடம்?” என்றார் எடை போட்டுக்கொண்டிருந்த உதவியாளர் அக்கா.

சீட்டு மாறவில்லை. கன்று எடுக்கும் தாய்ச்செடிப் பாத்தியில் இருக்கும் பலகைகளைப் பார்த்து எழுதிய சீட்டுகள் அவை. ஆறு வருஷத்துக்கு முன் புதுப் பாத்தி போட்டபோது அந்தப் பலகைகளை எழுதி நட்டவள் நான். அன்றைக்குக் காய்ச்சல். சீக்கிரம் முடித்தால் போதும் என்றிருந்தது.

வேரை ஒற்றியெடுத்துத் தட்டில் வைத்தேன். முப்பத்தெட்டு கிராம் என்றார் அக்கா. எழுதிக்கொண்டேன்.

அந்தப் பாத்தியிலிருந்து வெளியே போனது ஒரே ஒரு தொகுதி. நாலாம் நம்பர் என்று நம்பிக் கொடுத்த நானூறு ஒட்டுக்கன்று. அண்ணனுக்கு.

“மழை இல்லாட்டியும் இது நிக்கும். வேர் ஆணி மாதிரி இறங்கும். கண்ணை மூடிக்கிட்டு நடு” என்று அவனிடம் சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டுதான் நட்டான்.

மூன்றாம் கோடையில் நானூறும் காய்ந்தன. நான் வந்து பார்க்கிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டான். விசாரித்தவர்களிடமெல்லாம் மழை கழுத்தறுத்துவிட்டது என்றான். தோட்டம் கை மாறியது. அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவன் இப்போது ஒரு கிடங்கின் வாசலில் காவலாளி.

நாலாம் நம்பர் எப்படித் தோற்றது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனையே.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் சுவரோரம் நின்றேன். வரவில்லை. பசிகூடத் தெரியவில்லை. போன் போட்டேன்.

“அண்ணா, பலகையை மாத்தி நட்டுட்டேன். உனக்குக் குடுத்தது நாலு இல்ல, ஏழு. மழையில்ல, நான்தான்.”

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இரு என்றான். கேட் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்ப வந்தபோது அவன் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

“தெரியும் பாப்பா. முதல் மரத்தைத் தோண்டினப்பவே வேரைப் பார்த்துட்டேன். வேற யாரும் பார்த்துடக் கூடாதுன்னுதான் மிச்சத்தையெல்லாம் ஆள் வைக்காம நானே தோண்டி எரிச்சேன்.”