கடல் இல்லாத வசனம்

"பேதுரு தண்ணீரில் மூழ்கத் தொடங்கினார்" என்று வாசித்ததும் அவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

ஜெபக்குழு நிறுத்தவில்லை. ஆரம்பித்ததை முடித்துவிட்டுத்தான் டீ குடிப்பார்கள்.

படகு கவிழ்ந்ததில் அவன் மட்டும் கரை சேர்ந்தான். அண்ணன் ததேயு சேரவில்லை.

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் தண்ணீர்.

ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள். பாவம், நல்லவர்கள். முதலில் இயேசு புயலை அடக்கியதை வாசித்தார்கள். பிறகு யோனாவை மீன் விழுங்கியது. இப்போது பேதுரு.

"கடல் இல்லாத வசனம் ஒண்ணுகூட இல்லியா?" என்று அவன் மனைவி பெல்சிட்டா கேட்டேவிட்டாள்.

அடுத்த முறை தேடிப்பிடித்து நோவாவைக் கொண்டுவந்தார்கள்.

அது மழையாம்.

பெல்சிட்டா நேரே பங்குச்சாமியாரிடம் போய் அழுதாள்.

அவர் மறுநாள் மத்தியானம் வந்தார். ஊர்த் திருவிழாவை நடத்தி முடித்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். வேதாகமத்தை மடியில் வைத்தார். திறக்கவில்லை.

"கொஞ்ச நேரம் சும்மா இருப்போம்," என்றார்.

அவன் பயந்துகொண்டே காத்திருந்தான். இன்னும் செங்கடல் பாக்கி இருக்கிறது.

வந்தது குறட்டை.

குறட்டையென்றால் அப்படி ஒரு குறட்டை. படகு எஞ்சின் தோற்றுப்போகும்.

கடலில் ததேயு அண்ணனும் இப்படித்தான். அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் இவனுக்குக் கண் சொக்கும்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்தது.

மின்விசிறியைச் சாமியார் பக்கம் திருப்பி வைத்தான். நாற்காலிக்குக் கீழே வெறுந்தரையில் படுத்தான்.

சாயங்காலம் ஜெபக்குழு கிடாரும் கையுமாக வந்து சேர்ந்தது. பெல்சிட்டா வாசலை மறித்து நின்றாள். அவள் கண்ணெல்லாம் ஈரம்.

"உள்ள ஜெபம் நடக்குது. சத்தம் போடாதிய."

எல்லாரும் காதுகொடுத்துக் கேட்டார்கள். ஒரு குறட்டை முடிய இன்னொரு குறட்டை, மன்றாட்டுக்குப் பதில் சொல்வதுபோல, மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் முழங்காலிட்டார்கள்.

பழக்கதோஷத்தில் ஒருத்தி 'ஆமென்' சொல்ல வாயெடுத்தாள்.

பெல்சிட்டா பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினாள்.