பன்னிரண்டாம் பாகம்

மேனகா சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“நீ சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாய். அந்தக் கையின் மேல் எனக்குப் பொறாமை.”

படித்துவிட்டு, கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

எதிரில் இருந்தவள் தயிர்ச்சோற்றைப் பிசைந்தாள். அது வீட்டிலேயே பிசைந்து எடுத்துவந்த சோறு.

கரூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் சாப்பாட்டு அறை. இருவரும் செக்கிங் பிரிவு. திரைச்சீலை, மேசைவிரிப்பு, தலையணை உறை. ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று, நாள் முழுக்கத் துணியில் குறை தேடுவார்கள்.

மூன்று வருடமாக.

“இந்தாளு எப்படித்தான் எழுதறானோ புள்ள,” என்றாள் மேனகா. “பதினோரு பாகம் வந்துருச்சு. இன்னும் அந்தப் பொண்ணுகிட்ட வாயத் தொறக்கல பாரு.”

எழுதுகிறவர் பெயர் நீர்முள்ளி. செல்போனில் கதை படிக்கும் செயலி ஒன்றில் வாரம் ஒரு பாகம் வரும். முகம் இருக்கவேண்டிய வட்டத்தில் ஒரு செடியின் படம்.

எதிரில் இருந்தவள்தான் நீர்முள்ளி.

மேனகாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

கதை முழுக்க ‘நான்’, ‘நீ’. அவ்வளவுதான். வந்தான், வந்தாள் என்று எழுதினால் சொல்லின் வாலே காட்டிக்கொடுத்துவிடும். வந்தேன், வந்தாய் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

வாசகர்கள் அண்ணா என்றார்கள். ப்ரோ என்றார்கள். அவள் திருத்தியதில்லை. ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் யாரோ எழுந்துபோய்த் தள்ளி உட்கார்ந்துகொள்வதுபோல் இருக்கும்.

“இரு, எழுதிப் போடறேன்.” மேனகாவின் கட்டைவிரல் வேகமாக ஓடியது.

எதிரில் இருந்தவளின் மடியில் போன் அதிர்ந்தது. குனிந்து பார்த்தாள்.

‘சொல்லிடுங்க சார். அந்தப் பொண்ணும் காத்துக்கிட்டுதான் இருக்கும்.’

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அந்தப் பொண்ணுக்குப் பிடிக்கலேன்னா?” என்று கேட்டாள்.

“பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லிட்டுப் போகுது. சொல்லாமயே இருந்தா அதுகூடத் தெரியாதுல்ல?”

ஞாயிற்றுக்கிழமை. மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பன்னிரண்டாம் பாகத்தை எழுதினாள்.

எதையும் கற்பனை செய்யவில்லை. போன ஐப்பசியில் நடந்தது. பேருந்து நிறுத்தத்தில் திடீர் மழை. மேனகா தன் துப்பட்டாவின் ஒரு பாதியை அவள் தலைமேல் போட்டது. ஒரே துணிக்குள் இருவரின் மூச்சு.

அன்று மேனகா சொன்னதை அப்படியே எழுதினாள்.

‘நனையாத புள்ள, கிட்ட வா.’

எழுதிவிட்டுப் பார்த்தாள்.

புள்ள.

ஆணை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் போதும். நாளைக்கும் அண்ணா என்பார்கள். மேனகாவும் சார் என்பாள்.

எடுத்தாள். வரி மொட்டையாக இருந்தது.

திரும்ப எழுதினாள். உடனே பதிவேற்றினாள்.

சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் படித்திருந்தார்கள்.

‘அண்ணா, டைப்பிங் மிஸ்டேக்கா?’

‘அப்ப நீங்க பொண்ணா?’

‘அசிங்கம்.’

‘மூன்று முறை படித்தேன். என் மாதிரிப் பெண்ணை வைத்து யாரும் எழுதியதில்லை.’

இரண்டாவதற்கு மட்டும் பதில் போட்டாள். ‘ஆமாம். பெண்தான்.’

பிறகு மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். மேனகாவின் பெயர் எங்கும் இல்லை.

திங்கட்கிழமை காலை முழுக்க மேனகா மூன்று வார்த்தைதான் பேசினாள். “இதுல கறை இருக்கு.”

சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல் எதிரில் வந்து உட்கார்ந்தாள். போனை எடுக்கவில்லை. தலை நிமிராமல் சாப்பிட்டாள். டப்பாவை மூடினாள். மூடிய மூடியை மறுபடி அழுத்தினாள்.

“பன்னெண்டு படிச்சேன்.”

எதிரில் இருந்தவள் தன் டப்பாவை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“அன்னிக்கு நான் அப்படித்தான் சொன்னேன். ஒரு வார்த்தகூட மாறல.”

“மேனகா...”

“கோவமெல்லாம் இல்ல புள்ள.” மேனகா மேசையைப் பார்த்தே பேசினாள். “நீ எழுது. நிறுத்திப்புடாத. நான் படிப்பேன். அதுக்கு மேல என்னால ஆகாது.”

கடைசி வார்த்தை பாதிதான் வெளியே வந்தது.

மேனகா எழுந்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள்.

அவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். ஆகாது என்பதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று யோசித்தாள். ஒன்றுதான் தோன்றியது.

போகிற மேனகாவின் முதுகில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. நீல நூல். விரல் நீளம்.

“மேனகா.”

மேனகா நின்றாள். திரும்பவில்லை.

“முதுகுல நூலு ஒட்டியிருக்கு.”

மேனகாவின் கை பின்னால் போய்த் துழாவியது. எட்டவில்லை. மறு கையால் முயன்றாள். அதுவும் எட்டவில்லை.

மணி அடித்தது. மற்ற மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்.

மேனகா திரும்பாமலே இரண்டடி பின்னால் வந்தாள். அவளுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள்.

பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.