கருக்களாச்சேரியிலிருந்து வந்த செய்தி

திரையில் ஒரே ஓர் எழுத்து வந்து நின்றது.

அடுத்த எழுத்து வருவதற்குள் நான் ஒரு கொட்டாவி விட்டு முடித்திருந்தேன்.

அங்கே, கருக்களாச்சேரி மீன் ஏலக்கூடத்தில், கம்ப்யூட்டர் முன்னால் கண்ணையன். படகோட்டி, ஐம்பது வயது. இங்கே, குரும்பகரம் பள்ளிக்கூடத்தில் நான். நடுவில் வயர் கிடையாது, போன் கிடையாது, ரேடியோ மட்டும்தான். அவர் தட்டும் எழுத்து விசில் மாதிரி ஒரு சத்தமாகக் காற்றில் வந்து என் திரையில் விழும்.

சுனாமி அன்று போனெல்லாம் செத்துப்போனதால், ஒன்றரை வருஷம் கழித்து இந்தப் பயிற்சி.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். பதினெட்டு வருஷமாக ஆபீசில் தட்டுகிறவள். என்னோடு இந்த ஆளை ஜோடி சேர்த்த, பயிற்சி நடத்தும் ராஜ்மோகன் சாரைத்தான் சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் ஸ்பேஸ் பாரைக் காட்டி, எழுத்தே இல்லாத கட்டை எதற்கு என்று கேட்டவர் இவர்.

இன்றைக்கு மூன்றே வரி. பெயர், ஊர், வீட்டில் இருப்பவர்கள்.

பெயருக்கு நாலு நிமிஷம். சொந்த ஊரின் பெயரில் இரண்டு எழுத்தைக் காணோம்.

மூன்றாவது வரியில் ‘அஞ்சுகம்’ என்று வந்தது. வந்த எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தன. அங்கே அழித்தால் இங்கேயும் அழியும்.

பிறகு ‘வினோதினி’. அதுவும் போயிற்று.

‘அன்பழ’ என்று வந்து, பாதியிலேயே பின்வாங்கியது.

அடித்தது சரியா தப்பா என்றுகூடத் தெரியாத ஜென்மம். நான் சத்தமாகவே சிரித்தேன். பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஐந்தாறு பேர் என் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டார்கள்.

வாக்கிடாக்கியை எடுத்தேன்.

“அண்ணே, பேரெல்லாம் சரியாத்தான் வருது. எதுக்கு அழிச்சி அழிச்சி வெளையாடுறீங்க? நாங்க வூட்டுக்குப் போவ வேணாமா?”

பதில் திரையில்தான் வந்தது.

‘மன்னிக்கணும் மேடம்.’ பின்னால் நின்றவர்கள் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ராகம் போட்டுப் படித்தார்கள்.

‘பழக்கத்துல அடிச்சிட்டேன்.’ அதற்கும் சிரிப்பு.

மூன்றாவது வரி திரும்பவும் தொடங்கியது.

‘வீட்டில்: நான் மட்டும்.’

‘நான்’ வரைக்கும்தான் ராகம் வந்தது.

இந்தத் தடவை அவர் எதையும் அழிக்கவில்லை.

செய்தி கிடைத்தது என்று உடனே பதில் அனுப்ப வேண்டும். அதுதான் விதி. அங்கே அவர் காத்துக்கொண்டிருந்தார்.

ராஜ்மோகன் சார் வந்து, என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, அதை அடித்து அனுப்பினார்.