கருவி நின்ற இடம்

“லாத்தீர் எங்கே? அவனைக் கூப்பிடு” என்றார் டைரக்டர் சிஸ்ஸே.

காவ்லாக் நகரின் அந்தத் தனியார் கல்லூரியில் நாற்பத்தெட்டு லினக்ஸ் கணினிகளும் காலையிலிருந்து வாராந்தர அப்டேட்டை ஏற்க மறுத்தன. எதிரில் நின்றவள் மைமூனா ஸோ. பதினோரு ஆண்டுகளாக அவற்றைப் பராமரிப்பவள். அவர் தேடியதோ, ஆறு மாதத்திற்கு முன் வேலைக்குச் சேர்ந்த லாத்தீர் ஃபாயை.

“தங்கச்சி குழந்தைக்குப் பேர் வைக்க ஊருக்குப் போயிருக்கான் சார். நான் பார்க்கறேன்.”

“சரி, பாரு. எதுக்கும் அவன் வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்.”

‘எதுக்கும்’ என்ற அந்தச் சொல்லை மைமூனா இருக்கைவரை சுமந்து வந்தாள். கணினிப் பிரிவின் தலைமை அவளுக்கா லாத்தீருக்கா என்பது வெள்ளிக்கிழமை முடிவாகும். இன்று புதன்.

அப்டேட் கருவி ஒரே பதிலைச் சொல்லி நின்றது: ஓர் எழுத்தைப் படிக்க இயலவில்லை. எந்தக் கோப்பில் என்று சொல்லவில்லை.

கருவி படிக்கும் கோப்புகள் மொத்தம் ஒன்பது. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக் கருவியை ஓட்டிப் பார்த்தாள். ஏழாவதை எடுத்ததும் ஓடியது.

அது திங்கட்கிழமை மாலை, ஊருக்குக் கிளம்புமுன் லாத்தீர் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிய கோப்பு.

மூன்றாவது வரியில்தான் கோளாறு. கட்டளை வரிகூட இல்லை. மனிதர்கள் படிப்பதற்காகப் பிரெஞ்சில் எழுதிவைக்கும் குறிப்பு வரி. தன் பழைய மடிக்கணினியில் தட்டியிருக்கிறான். அதில் தலைமேல் குறி போட்ட ஒரே ஓர் எழுத்து பழைய குறியீட்டு முறையில் பதிவாகியிருந்தது. கருவிக்குப் புதிய முறை மட்டுமே தெரியும்.

மைமூனாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று படிக்காமலே எழுந்தாள்.

அப்போது கைப்பேசி ஒலித்தது. லாத்தீர்.

“என்ன பால்காரி, மெஷினெல்லாம் பட்டினி கிடக்குதா? டைரக்டர் மூணு தடவை கூப்பிட்டிருக்காரு.”

அந்த ஊர் வழக்கப்படி, உழவர் வழிவந்த ஃபாய் குடும்பத்தவரும் மாடு மேய்ப்பவர் வழிவந்த ஸோ குடும்பத்தவரும் ஒருவரையொருவர் கேலி செய்யலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. சோளக் கஞ்சிக்குப் பிறந்தவனே என்று திருப்பித் தருவதுதான் வழக்கம். ஆறு மாதமாக மைமூனா திருப்பித் தந்ததில்லை.

“ஒண்ணும் இல்ல லாத்தீர். எல்லாம் நல்லா ஓடுது. நீ பேர் வைக்கிற வேலையப் பாரு.”

“ஏதாவதுன்னா சொல்லுங்க அக்கா. பஸ் ஏறி வந்துடறேன்.”

“தேவையே இல்ல” என்று துண்டித்தாள்.

டைரக்டர் மூன்று சுற்றுத் தேநீரின் கடைசிக் குவளையை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

“கண்டுபிடிச்சிட்டேன் சார். லாத்தீர் பண்ணின வேலை.”

“லாத்தீரா?”

“வேலையில கவனம் இருந்தா இப்படி வருமா? குறிப்புங்கிற பேர்ல ஏதோ கதை எழுதி வெச்சிருக்கான். அதனால நாற்பத்தெட்டும் நின்னுபோச்சு. நான் யாரையும் குறை சொல்றதுக்காகச் சொல்லல சார்.”

“புரியுது” என்றார் அவர். முகம் வாடிவிட்டது. “அவனை ரொம்ப நம்பிட்டேன் போல.”

ஆறு மாதத்தில் முதன்முறையாக மைமூனாவுக்கு மனம் குளிர்ந்தது.

“வெள்ளிக்கிழமைக் கூட்டத்துல யாராவது கேட்டா நான் பதில் சொல்லணும்.” தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். “அப்படி என்ன எழுதியிருக்கான்? வாசி, குறிச்சுக்கறேன்.”

மைமூனா அவருடைய கணினியிலேயே கோப்பைப் பழைய முறையில் திறந்தாள். உதிர்ந்த எழுத்து சரியாக வந்து உட்கார்ந்தது. மூன்றாவது வரிக்கு விரலை நகர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாக வாசித்தாள்.

“‘நான் ஊர்ல இல்லாதப்ப ஏதாவது நின்னுபோனா பயப்படாதீங்க. என்னைத் தேடாதீங்க. இங்க நான் பண்ணினது கொஞ்சம்தான். எல்லாரும் என்னைப் பாராட்டறீங்க, எனக்கே வெக்கமா இருக்கு.’”

டைரக்டரின் பேனா நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

“ம்.”

“‘இந்த ஏற்பாடு முழுக்கப் பதினோரு வருஷமா கட்டிக் காப்பாத்தினது வேற ஒருத்தர். பால்காரக் கூட்டம்தான், இருந்தாலும் இந்தக் கல்லூரியிலேயே இதை முழுசாத் தெரிஞ்சவங்க அவங்க ஒருத்தர்தான். அவங்க பேரு...’”

வாசிப்பு நின்றது.

லாத்தீர் பிரெஞ்சு எழுதினால் எழுத்துகளின் தலைமேல் போட வேண்டிய குறி எதையும் போட மாட்டான், அவ்வளவு சோம்பல். அந்த வரியிலும் வேறெங்கும் போடவில்லை. ஒரே ஒரு பெயரில் மட்டும், அவளுடைய அடையாள அட்டையில்கூட விட்டுப்போன, ஓர் எழுத்தின் மேல் வர வேண்டிய அந்த இரண்டு புள்ளிகளைத் தேடி எடுத்து வைத்திருந்தான்.

டைரக்டர் பேனாவைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தார்.

“என்ன, கருவி நின்ன இடத்துலயே நீயும் நின்னுட்டே? மேல வாசி, மைமூனா.”