இரண்டு பிடி கொழுந்து

லண்டனிலிருந்தும் பதில் வந்துவிட்டது. அப்பீல் தள்ளுபடி.

1977ஆம் வருஷம் அது. மலேசியாவின் கடைசிக் கோர்ட் அப்போது லண்டனில்தான் இருந்தது.

தானா ராத்தா டவுனுக்குப் போய் வக்கீலின் கடிதத்தை வாங்கிக்கொண்டு ராமையா கங்காணி தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியபோது, பெண்கள் தொழிலாளர் லயத்துக் குழாயடியில் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் அவர் கும்பலில் கொழுந்து எடுப்பவர்கள்.

“அப்ப விஜயனைத் தூக்குல போட்டுடுவாங்களா?” என்றாள் நவமணி.

“சுல்தானுக்குக் கருணை மனுப் போடலாம். அது ஒண்ணுதான் பாக்கி,” என்றார் கங்காணி.

விஜயனின் மனைவி ஜெயா தூணோரம் நின்றாள். கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டத்துக்கு தினமும் லோரியில் போய் வருகிறவள். கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

செல்லம்மா குடத்தோடு வந்தாள்.

“வந்துட்டாங்க லா, பொய் சாட்சியம்மா,” என்றாள் நவமணி. “குடத்தக் கடைசியில வை.”

செல்லம்மா கடைசியில் வைத்தாள். மூன்று வருஷமாக அதுதான் அவள் இடம்.

பிரிஞ்சாங் சாலையில் ஒரு வியாபாரி காலை பத்து மணிக்குக் குத்திக் கொல்லப்பட்டார்; பழி விஜயன்மேல் விழுந்தது. அந்தப் பத்து மணிக்கு, ஆலையில் இரவு வேலை முடிந்து வந்த விஜயன் லயத்துக் கூரையில் ஒழுகல் அடைத்துக்கொண்டிருந்தான் என்று சாட்சி சொன்னவள் செல்லம்மா ஒருத்திதான்.

கங்காணி ஆள் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகம் வேறு மாதிரி சொன்னது. அன்று செல்லம்மா மலையில் வேலை. நாற்பத்தெட்டு ராத்தல் கொழுந்து.

“வீட்டில் இருந்தாய் என்றால் இந்தக் கொழுந்து எப்படி வந்தது?” என்று அரசு வக்கீல் கேட்டபோது அவள் வாயே திறக்கவில்லை. சாட்சி பொய் என்றார் நீதிபதி. கோலாலம்பூர் அப்பீல் கோர்ட் அது சரி என்றது. இப்போது லண்டனும் சரி என்றுவிட்டது.

ஜெயா செல்லம்மாவிடம் வந்தாள். “அக்கா, இனிமே மறைக்க என்ன இருக்கு? நீ அன்னிக்கு வீட்லயா இருந்த?”

“வீட்லதான். பிள்ளைக்குக் காய்ச்சல்.”

“அப்ப நாப்பத்தெட்டு ராத்தல்?”

செல்லம்மா கங்காணியைப் பார்த்தாள். அவர் மலையைப் பார்த்தார்.

“ஒருத்தி வர முடியலன்னா மத்தவங்க ஆளுக்கு ரெண்டு பிடி அவ கூடையில போடுவாங்க. கங்காணியும் புத்தகத்துல அவ பேரப் போட்டுடுவாரு. துரைக்குத் தெரிஞ்சா போட்டவங்க அத்தனை பேருக்கும் வேலை போயிடும், வீடும் போயிடும்.”

“அத கோர்ட்ல சொல்லியிருக்கலாமே.”

“இப்ப வேணாம், மேல பெரிய கோர்ட்ல கூப்பிட்டுக் கேப்பாங்க, அங்க சொல்லிக்கலாம்னு கங்காணிதான் சொன்னாரு. நானும் நம்பிட்டேன். மேல யாரையுமே கூப்பிடல ஜெயா. கீழ எழுதுன தாளத்தான் எடுத்துப் படிச்சிருக்காங்க.”

ஜெயா கடிதத்தை மடித்தாள்.

“சுல்தானுக்கு இதையே எழுதுவோம்.”

“எழுது. நான் கைநாட்டு வைக்கிறேன், வேலை போனாப் போகட்டும். ஆனா நான் சொன்னா மட்டும் எடுபடாது. அன்னிக்குக் கொழுந்து போட்டவங்களும் வைக்கணும்.”

“யாரு போட்டது?”

செல்லம்மா குழாயடி வரிசையைப் பார்த்தாள்.

நவமணி பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அடுத்தவள் காலிக் குடத்தை எடுத்தாள். அதற்கடுத்தவளும். துரை பங்களாவுக்குப் போக வேண்டும் என்று கங்காணியும் கிளம்பினார்.

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் வைத்த செல்லம்மாவின் குடம்தான் இப்போது வரிசையில் முதலில் இருந்தது.